புகை எந்தப் பக்கம்

வாரத்தில் ஆறு நாள்
குழந்தைகளின் பனியனில்
யானைக்குக் கண்ணாடி மாட்டுவது என் வேலை,
திருப்பூரில், ஏசி ஒழுகும் ஒரு மாடியறையில்.
ஏழாம் நாள் ரயிலேறி
இருகூரில் இறங்கிவிடுவேன்,
கேமராவும் ஒரு பொட்டலம் முறுக்குமாக.

அந்த மில்லைப் பூட்டிப்
பத்தொன்பது வருசம்.
பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு,
அது பேங்க் போட்டது.
காவலுக்கு வெள்ளியங்கிரி.
"ஏனுங், இதுல என்ன இருக்குதுன்னு
ஞாயித்துக்கெழமையானா வந்தர்றீங்?"
சொல்லத் தெரியவில்லை.
குப்பைமேட்டில் பொறுக்கிக்கொள்ள விட்டார்.

மூன்று பாபின்
துணி மாட்டும் கொக்கியாயின.
எண் பொறித்த பித்தளை வில்லை இரண்டை
ஓரம் ராவி, கம்பி கோத்துக்
காதில் போட்டுக்கொண்டேன்.
வலது காதில் 417,
இடது காதில் 88.
ஆபீசில் கேட்டார்கள், எந்தக் கடை என்று.

படங்களையும் சும்மா விடுவதில்லை.
ஒயரை அழிப்பேன், ஏல நோட்டீசை அழிப்பேன்.
நொய்யலின் நுரையை வெட்டியெடுத்து
நூற்புக்கூடம் முழுக்க நிரப்பினேன் ஒருமுறை,
பார்த்தவர்கள் பஞ்சு என்றார்கள்.
ஒரு எருமையை மேனேஜர் அறையில் நிறுத்தினேன்.
எருமை ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி இரண்டாம் ஞாயிறு வெள்ளியங்கிரி கேட்டார்:
"அந்தக் கொழாயில கொஞ்சம்
பொகை உட்டுத் தருவீங்ளா?
நான் வேலைக்கு வந்தப்பவே
அது சும்மாத்தானுங் நின்னுது."

தடாகத்தில் எடுத்த சூளைப் புகை ஒன்று
என்னிடம் இருந்தது.
வெட்டினேன், ஒட்டினேன், ஓரங்களைக் கரைத்தேன்.
புகைபோக்கியின் வாயில் முளைத்த செடி ஒன்று
இடைஞ்சலாக இருந்தது.
அதற்கு இரண்டு சொடுக்கு.
அனுப்பினேன்.

உடனே போன்.
"அம்மிணி, பொகை பாலக்காட்டுக்குப் போகுதுங்."
"போகட்டுமே."
"ஆடிக்காத்து அங்கிருந்தல்லோ வருது?
கீழ பாருங், என்ற அங்கராக்கு
எந்தப் பக்கம் பறக்குதுன்னு."
பார்த்தேன்.
கொடியில் ஒரு காக்கிச் சட்டை
இரண்டு கையையும் நீட்டிச்
சூலூரைக் காட்டிக்கொண்டிருந்தது.

புகையை மட்டும் புரட்டிப் போட்டேன்.
இப்போது அதைப் பொய்யென்று சொல்ல
ஒரு சட்டைகூட இல்லை.

செவ்வாய் மத்தியானம் மறுபடி போன்.
படம் அவர் மச்சானுக்குப் போய்,
அங்கிருந்து பழைய சங்கத்துக்காரர்களுக்குப் போய்,
கேட்டில் நாலு பேர் நிற்கிறார்களாம்,
மில்லு ஓடுதா என்று கேட்டு.
ஒருத்தர் அன்னூரிலிருந்து.
ரீலிங்கில் இருந்த துளசிமணி
தூக்குப்போசியோடு.

பர்மிஷன் போட்டுவிட்டு பஸ்ஸேறினேன்.
பல்லடத்தில் கம்மலைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்,
88 யாரென்று யாராவது சொல்லிவிட்டால்?
சூலூர் தாண்டும்வரை
மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன்.

யாரும் திட்டவில்லை.
நாலு பேரும் அண்ணாந்து நின்றிருந்தார்கள்.
"படத்துல இல்லாத செடி
இங்க நிக்குது பாரு," என்றார் அன்னூர்க்காரர்.
"அரசு."
"அரசெல்லாம் இல்லீங், அத்தி,"
துளசிமணி, போசியைக் கீழே வைக்காமல்.
"அத்தி அந்த ஒசரத்துல மொளைக்குமாக்கும்?"
"காக்கா பேண்டா எங்கியும் மொளைக்கும்."
வெள்ளியங்கிரி என் பக்கம் திரும்பினார்.
"அம்மிணிகிட்ட அசல் இருக்குதுங்."

போனைத் திறந்தேன், பெரிதாக்கினேன்,
இன்னும் பெரிதாக்கினேன்.
இலை இருக்கவேண்டிய இடத்தில்
பச்சையாய் ஐந்தாறு சதுரம்.
நாலு தலையும் என் கைக்கு மேல் குனிந்தன.
யாரோ தேங்காயெண்ணெய் வாசனை.

"இதுல ஒண்ணுந் தெரியலயே," என்றாள் துளசிமணி.
"ஞாயித்துக்கெழம நல்ல கேமராவாக் கொண்டாங்.
அத்தியா இல்லையான்னு
பாத்துப்போடலாம்."